ஊர்க் குளத்தை ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்று எழுதுவது சரியா?

படுவான்கரைக் கமக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு சிறிய கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். கடந்த பெரும்போகத்து மழையில் எங்கள் ஊர்க் குளத்தின் கட்டு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டது. வேறோர் இடத்தில் கட்டின் அடியால் தண்ணீர் கசிகிறது. துருசின், அதாவது நீரைத் திறந்துவிடும் மதகின், பலகையும் உக்கிவிட்டது. இவற்றைத் திருத்துவதற்கு உதவி கேட்டு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பினோம். குளம் என்று வரும் இடமெல்லாம் ‘டேங்க்’ என்றும், குளக்கட்டு என்று வரும் இடமெல்லாம் ‘டேங்க் பண்ட்’ என்றும் எழுதியிருந்தோம்.

அவர்கள் அனுப்பிய பதிலை வாசித்தபோது எனக்குப் பெரும் கவலை உண்டாயிற்று. தாங்கி பிளாஸ்டிக்கால் ஆனதா சீமெந்தால் ஆனதா என்றும், அது எத்தனை லீற்றர் கொள்ளும் என்றும், ஒழுகும் தாங்கியைத் திருத்துவதிலும் புதியது ஒன்றை வாங்குவது மலிவாக இராதா என்றும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் இறங்கிக் குளிப்பதாக நாங்கள் எழுதியிருந்த வரியைக் குறிப்பிட்டு, குடிநீர்த் தாங்கிக்குள் குளிப்பதைத் தடுக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் வினவியிருக்கிறார்கள். அவர்கள் நல்ல மனத்துடனேயே கேட்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது கூரையின் மேலே வைக்கும் கறுப்புத் தாங்கி; எங்கள் மனத்தில் இருப்பது மருதமரம் நிற்கும் குளம்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி ஆகிய எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்று எழுதக் கண்டே வளர்ந்தோம். திணைக்களக் கடிதங்களிலும் அச்சொல்லே இருக்கிறது. அப்படியென்றால் இது பிழையான ஆங்கிலமா? ‘பொண்ட்’, ‘லேக்’, ‘ரிசவோயர்’ என்பவற்றில் எதையாவது எழுத வேண்டுமா? போர்ச் செய்திகளிலும் ‘டேங்க்’ வருகிறது, பொருளாதாரச் செய்திகளிலும் ‘டேங்க்’ வருகிறது. ஒரே சொல் இத்தனை பொருளில் எப்படி வழங்குகிறது என்பதையும் யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும். திருத்திய விண்ணப்பத்தை இம்மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

கல்முனை ஓய்வுநிலை ஆசிரியை எழுதியது:

தம்பி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது பிழையான ஆங்கிலம் அன்று. நீங்கள் சொல்லும் பொருளே அச்சொல்லின் மூத்த பொருள். அந்த நிறுவனத்தார் விளங்கிக்கொண்ட பொருள் பின்னால் வந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையில் வாணிகம் செய்த ஆங்கிலேயர், அங்கே மழைநீரைத் தேக்கி வைக்கும் குளங்களையும் நிலத்தடித் தொட்டிகளையும் கண்டு, அவற்றுக்கு அவ்வூரார் வழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். குசராத்தியிலும் மராத்தியிலும் ‘டாங்’ என்று தொடங்கும் சொற்கள் இப்பொருளில் உள்ளன. போர்த்துக்கேய மொழியிலும் ‘டாங்க்’ என்று ஒலிக்கும் சொல் குளத்தைக் குறிக்கிறது. அது ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருளுடைய வினையோடு தொடர்புடையது. இந்திய மொழிச் சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் சேர்ந்தே ஆங்கிலச் சொல்லை உருவாக்கின என்பதே பெரும்பாலான அகராதிகளின் கருத்து. நாம் போர்த்துக்கேயரிடமிருந்து கதிரை, அலுமாரி, சப்பாத்து ஆகியவற்றை எடுத்துக்கொண்ட அதே காலப்பகுதியில், அவர்களும் ஆங்கிலேயரும் நம் பக்கத்திலிருந்து இத்தகைய சொற்களை எடுத்துக்கொண்டார்கள். குசராத்திச் சொல்லின் மூலம் வடமொழியின் ‘தடாக’ என்பதாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அது உண்மையானால் நம்முடைய தடாகமும் ஆங்கிலேயரின் டேங்கும் ஒரே குடும்பத்தவை. ஆனால் இது முடிந்த முடிவு அன்று.

நீரைத் தேக்கும் குளம் என்ற பொருளிலிருந்து, நீரையோ வேறு திரவத்தையோ வாயுவையோ அடக்கி வைக்கும் பெரிய கொள்கலன் என்ற பொருள் கிளைத்தது. இங்கிலாந்தில் வெட்டவெளிக் குளத்தைக் குறிப்பதற்கு வேறு சொற்கள் இருந்தமையால், அங்கே இந்த இரண்டாம் பொருளே நிலைத்தது. நீராவி இயந்திரமும் மோட்டார் வண்டியும் வந்தபோது தண்ணீர் டேங்க், பெற்றோல் டேங்க் என்று அது மேலும் வேரூன்றியது. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதப்பட்ட ஆங்கிலத்தில் மூத்த பொருள் உயிரோடு இருக்கிறது. ஆகவே உங்களுக்கும் அந்த நிறுவனத்தாருக்கும் இடையில் நேர்ந்தது அறியாமையால் வந்த குழப்பம் அன்று; ஒரே சொல் இரண்டு நாடுகளில் இரண்டு வழியாக வளர்ந்ததன் விளைவு.

போர் வண்டிக்கு அப்பெயர் வந்த வரலாறு தனியானது. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியர் இரும்புக் கவசமிட்ட புதிய வண்டியை இரகசியமாக உருவாக்கினார்கள். எதிரி அறியாதிருப்பதற்காக அது தண்ணீர் கொண்டுசெல்லும் கலம் என்ற கதை பரப்பப்பட்டது. அந்தப் புனைபெயரே கடைசியில் வண்டியின் உண்மைப் பெயராயிற்று. 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரான்சின் சோம் போர்முனையில் அவ்வண்டி முதன்முதலாகக் களமிறக்கப்பட்டது. நம் பத்திரிகைகள் அதனை யுத்தத் தாங்கி என்று எழுதுகின்றன. ‘தாங்கி’ என்ற நம் சொல் ஒலியாலும் பொருளாலும் டேங்க் என்பதோடு இயல்பாகப் பொருந்துவதை நான் எப்போதும் வியந்து பார்ப்பதுண்டு. சுமைதாங்கி என்று ஏற்கெனவே நம்மிடம் இருந்த சொல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கியும் வந்து அமர்ந்துகொண்டது.

ஏனைய பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘திங்க் டேங்க்’ என்பது கொள்கை ஆய்வு செய்யும் சிந்தனைக் குழாம். ‘டேங்க் டொப்’ என்ற கையில்லாச் சட்டைக்கு அப்பெயர் வந்தது, நீச்சல் தடாகத்தையும் ஒரு காலத்தில் டேங்க் என்று அழைத்து, அங்கே உடுத்த நீச்சலுடைக்கு அதன் பெயரைச் சூட்டியதால். வினைச்சொல்லாக வரும்போது, ஒரு நாணயத்தின் பெறுமதியோ ஒரு திரைப்படத்தின் வசூலோ சடுதியாக வீழ்ந்தது என்று பொருள். இது பேச்சு வழக்குக்கும் செய்தித்தாளுக்கும் உரியது. விண்ணப்பத்திலோ பரீட்சை விடையிலோ அவ்வினையை எழுத வேண்டாம் என்று மாணவருக்குச் சொல்லுவேன்.

சம்மாந்துறை வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். ஆசிரியை அவர்களின் விளக்கத்தால் பல விடயங்களை அறிந்துகொண்டேன். ஆயினும் உதவி கேட்பவர் நாம், வாசிப்பவர் அவர். வாசிப்பவருக்கு விளங்கும் சொல்லை எழுதுவதுதானே முறை? ‘ரிசவோயர்’ என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டால் கேள்வியே எழாது. நம் சொல்லின் மூப்பை நிறுவுவதற்கு விண்ணப்பம் உகந்த இடம் அன்று என்பது எனது தாழ்மையான கருத்து.

அம்பாறை நீர்ப்பாசனத் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

சம்மாந்துறை நண்பரின் கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் சொல்லும் வழியால் வேறொரு சிக்கல் வரும். ‘ரிசவோயர்’ என்று எழுதினால் அவர்கள் மனத்தில் எழுவது சேனநாயக்க சமுத்திரம் போன்ற ஒன்று. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் குன்றுகளுக்கு இடையே மறித்து, கல்லோயாத் திட்டத்தின் கீழ் 1949இல் வேலை தொடங்கி, ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும்படி கட்டிய நீர்த்தேக்கம் அது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல ஆகியவையும் அவ்வகையே. அத்தகைய ஒன்றின் அணை உடைத்தது என்று ஒரு கமக்காரர் அமைப்பு எழுதினால், அது உங்கள் கைக்கு மிஞ்சிய வேலை, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்ற பதில் வரக்கூடும்.

நாங்கள் களத்தில் ‘டேங்க்’ என்று சொல்லும்போது அதற்கு ஒரு திட்டமான உருவம் இருக்கிறது. மெல்லச் சரியும் நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைவாக ஒரு மண்கட்டு இருக்கும். மேற்பக்கம் திறந்தே இருக்கும். நீரேந்து பகுதியிலிருந்து மழைநீர் தானாக வந்து சேரும். துருசைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். மிகுந்தால் வான் எனப்படும் மிகைநீர்ப் போக்கு வழியே வெளியேறும்; அதையே வான் பாய்தல் என்போம். மாரியில் பரந்தும் கோடையில் சுருங்கியும் இருப்பதால் அதற்கு நிலையான கரை என்று ஒன்று மூன்று பக்கத்திலும் இல்லை. கோடையில் வற்றிய இடத்தில் மாடுகள் மேயும். இந்த முழு அமைப்பையும் ஒரே சொல்லால் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் டேங்க் அன்றி வேறு சொல் இல்லை. ‘பொண்ட்’ என்றால் வீட்டுத் தோட்டத்துத் தடாகம் அளவுக்குச் சிறுத்துவிடும். ‘லேக்’ என்றால் மனிதர் கட்டிய ஒன்று என்பதே மறைந்துவிடும். கட்டு இல்லாத ஏரிக்குத் திருத்த வேலை எதற்கு என்ற கேள்வி வரும்.

மேலும், இது உள்ளூர் வழக்கு மாத்திரம் அன்று. 1850களில் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் இறக்காமம் குளத்தைப் புனரமைத்தது தொட்டு அரசாங்க ஏடுகளில் இச்சொல் தொடர்ந்து வருகிறது. இலங்கையின் உலர் வலயத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஊர்க்குளத் தொகுதிகளை ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தபோதும், ஆங்கிலத் தலைப்பில் டேங்க் என்ற சொல்லையே வைத்தது. இதனை விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் நீங்கள் எழுதியது ஏற்றுக்கொள்ளப்பட்ட கலைச்சொல் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு மேற்படாத வயலுக்கு நீர் கொடுக்கும் குளம், சிறு நீர்ப்பாசனம் என்ற வகைக்குள் அடங்கும். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உங்கள் குளம் அவ்வகையாயின் ‘மைனர் டேங்க்’ என்ற பெயரிலேயே ஏட்டில் இருக்கும். ஏட்டிலுள்ள பெயரை நீங்கள் வேறாக மாற்றி எழுதினால், அந்த நிறுவனம் திணைக்களத்திடம் உறுதிப்படுத்தக் கேட்கும்போது அப்படி ஒன்று இல்லையே என்ற பதில் போகக்கூடும். வயல்நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாரிடமோ கமநல சேவை நிலையத்திலோ பதிவுப் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லீற்றர்க் கணக்கை அவர்கள் கேட்டது தவறில்லை. அதற்கும் விடை கொடுக்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி. அது ஏறத்தாழ 1,233 கன மீற்றர். லீற்றரில் பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து மூவாயிரம். உங்கள் குளத்தின் ஏக்கர் அடியை 1,233ஆல் பெருக்கிக் கன மீற்றரில் கொடுத்தால் போதும். லீற்றரில் கொடுத்தால் இலக்கம் நீண்டு மறுபடியும் மிரளச் செய்யும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து இலண்டன் வந்தவர் எழுதியது:

வணக்கம். இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். ‘டேங்க்’ என்ற சொல்லைக் காட்டிலும் ‘டேங்க் பண்ட்’ என்ற தொடர்தான் அவர்களை வழிமாற்றியிருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன். நம் நாட்டில் பண்ட் என்றால் குளக்கட்டு. இங்கிலாந்திலோ, எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் எண்ணெய் வெளியே பரவாதபடி தாங்கியைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவருக்குத்தான் பண்ட் என்று பெயர். ஆகவே டேங்க், பண்ட் என்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தவுடன், இங்கேயுள்ளவர் கண்முன் ஒரு முழு எரிபொருட் களஞ்சியமே வந்து நின்றுவிடும். கட்டுக்கு ‘ஏர்த்தன் எம்பாங்மென்ட்’ என்று எழுதுங்கள். மண்ணால் ஆன நீண்ட கட்டு என்பது ஐயமின்றி விளங்கும்.

‘டேங்க் லீக் பண்ணுகிறது’ என்ற பொருள்பட எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். லீக் என்றால் கலத்தில் ஓட்டை. கட்டின் ஊடாக நீர் கசிவதற்குப் பொறியியலாளர் சொல்வது ‘சீப்பேஜ்’. கட்டு உடைத்துக்கொண்டதற்கு ‘பிரீச்’ என்பது மிகப் பொருத்தமான சொல். அது கரையும் மதிலும் உடைவதற்கே உரியது. பிளாஸ்டிக் தாங்கி பிரீச் ஆவதாக எவரும் எழுதுவதில்லை.

நான் இங்கு வந்த புதிதில் தண்ணீர் கொண்டுவரும் வாகனத்தைப் பவுசர் என்று சொன்னபோது உடன் வேலை செய்தோருக்கு உடனே விளங்கியது. ஆனால் பலர் டாங்கர் என்றே சொல்கிறார்கள். பவுசர் என்பது அமெரிக்காவில் எரிபொருள் இறைக்கும் பம்பி செய்த ஒரு நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் கோடைகாலக் குடிநீர் விநியோகம் பற்றி எழுதியிருந்தால் டாங்கர் என்றே எழுதிவிடுங்கள்.

படுவான்கரைக் கமக்காரன் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் எனது உளமார்ந்த நன்றி. அம்பாறை ஐயா சொன்னபடி கமநல சேவை நிலையத்துக்குச் சென்று பார்த்தேன். பதிவேட்டில் எங்கள் குளம் டேங்க் என்ற பெயரோடுதான் இருக்கிறது. ஆகவே அச்சொல்லை வைத்துக்கொள்ளவே தீர்மானித்திருக்கிறோம். இலண்டன் அண்ணன் ஊகித்தது போலவே, டேங்க் லீக் ஆகிறது என்றுதான் எழுதியிருந்தோம்.

இரண்டு ஐயங்கள் இன்னும் தீரவில்லை. குளத்தின் கீழ் அறுபது ஏக்கர் வயல் இருக்கிறது என்பதை ‘அண்டர் த டேங்க்’ என்று எழுதியிருக்கிறோம். திணைக்களக் கடிதங்களில் இப்படித்தான் வருகிறது. இது அவர்களுக்கு விளங்குமா? அடுத்தது, எங்கள் வயல்கள் வாவிக்கரை வரை போகின்றன. வாவியை லேக் என்பதா லகூன் என்பதா? பட்டணத்தில் வாவிக்கரை வீதிக்கு ஆங்கிலத்தில் லேக் ரோட் என்றுதான் பெயர்.

கல்முனை ஓய்வுநிலை ஆசிரியை மீண்டும் எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் நிறுத்திக் கேட்டீர்கள். ‘அண்டர் த டேங்க்’ என்பது இலங்கை ஆங்கிலத்தில் நன்கு ஊன்றிய வழக்கு. ‘குளத்தின் கீழ்’ என்ற நம் தொடர் அப்படியே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. இங்கே அதை வாசிப்பவர் எவரும் தடுமாற மாட்டார். ஆனால் வெளியாருக்கு அது தாங்கியின் அடியில் இருக்கும் நிலம் என்றே படும். அறுபது ஏக்கருக்கு அக்குளம் நீர் பாய்ச்சுகிறது என்ற பொருளில், ‘இரிகேட்’ என்ற வினையைப் பயன்படுத்தி, குளத்தை எழுவாயாக வைத்து எழுதுங்கள். குளம் வான் பாய்கிறது என்பதை ‘டேங்க் ஸ்பில்’ ஆகிறது என்று எழுதியிருந்தால் அதனையும் பாருங்கள். அது நமக்கு நிறைவைச் சொல்லும் மகிழ்ச்சியான செய்தி, அவர்களுக்கோ ஏதோ கொட்டிவிட்டது என்ற விபத்துச் செய்தி. மிகைநீர் ‘ஸ்பில்வே’ வழியாக வெளியேறுகிறது என்று விரித்து எழுதினால் குழப்பம் வராது. தூர்வாருதலைக் குறிக்கும் ‘டீசில்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால், குளத்தின் அடித்தளத்தில் படிந்த வண்டல் என்று ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.

வாவிக்கு லகூன் என்பதே சரி. கடலோடு முகத்துவாரத்தில் கலந்து, உப்பும் நன்னீரும் சேர்ந்து நிற்கும் நீர்நிலைக்கு அதுவே பெயர். லேக் ரோட் என்பது வீதியின் பெயராக நிலைத்துவிட்டது. பெயரை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் நீர்நிலையைச் சொல்லும்போது அதனைப் பின்பற்ற வேண்டியதுமில்லை. இதில் ஓர் அழகைப் பாருங்கள்: நாம் கடல்நீர் கலந்த நீர்நிலைக்கு வழங்கும் வாவி என்ற சொல்லும், சிங்களத்தில் குளத்துக்கு வழங்கும் வெவ என்ற சொல்லும் ‘வாபி’ என்ற ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் நிலை வந்தால், வாவி என்பதைக் குளமென்று எடுத்துக்கொள்ளாதபடி லகூன் என்பது அதற்கும் காவலாக இருக்கும்.

இனி, முதல் வாக்கியத்தை இப்படி அமைக்கும்படி சொல்லுவேன். குளத்தின் பதிவுப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதி, அடுத்து ஒரு காற்புள்ளி இட்டு, ‘வில்லேஜ் இரிகேஷன் டேங்க்’ என்று வகையைச் சொல்லி, உடனேயே அதனை விளக்கும் ஒரு துணை வாக்கியத்தைச் சேருங்கள்: நீண்ட மண்கட்டினால் மழைநீரைத் தேக்கி அறுபது ஏக்கர் நெல்வயலுக்குப் பாய்ச்சும் திறந்தவெளி நீர்த்தேக்கம் என்று அதில் வரட்டும். சம்மாந்துறை நண்பர் விரும்பிய ரிசவோயர் என்ற சொல்லும் இந்த விளக்கத்துக்குள் ‘ஸ்மோல்’ என்ற அடையோடு வந்துவிடும். அங்கே அது பெயராக நில்லாமல் விளக்கமாக நிற்பதால் அம்பாறை ஐயா அஞ்சிய குழப்பமும் நேராது. அதன் பிறகு வரும் இடங்களிலெல்லாம் சிறிய எழுத்தில் ‘த டேங்க்’ என்று மட்டும் எழுதினால் போதும். ‘எ டேங்க்’ என்று ஓரிடத்திலும் எழுத வேண்டாம். அவர்கள் மீண்டும் இன்னொரு தாங்கியைத் தேடத் தொடங்குவார்கள்.

பிள்ளைகள் குளிக்கும் வரியை நீக்கிவிட எண்ணாதீர்கள். குடிக்கும் நீர் கிணற்றிலிருந்து வருகிறது, குளிப்பதற்கும் கால்நடைக்கும் வேளாண்மைக்கும் குளம் பயன்படுகிறது என்று இரண்டையும் பிரித்து எழுதினால், அந்த வரியே உங்கள் ஊருக்கு அக்குளம் எவ்வளவு தேவை என்பதைக் காட்டும். கட்டின் மேல் நின்று, உடைப்பும் நீர்ப்பரப்பும் ஒருங்கே தெரியும்படி எடுத்த ஒளிப்படம் ஒன்றையும் முதற்பக்கத்திலேயே இணைத்து அனுப்புங்கள்.